பட்டணம் பார்க்கும் உரிமை

நம்மவருள் பட்டணத்துக்குப் போகிறவர்கள் மூன்று வகையினர். நேர்த்திக்கடன் தீர்க்கப் போகிறவர் ஒரு வகை. நோய் தீர்க்கப் போகிறவர் ஒரு வகை. பசி தீர்க்கப் போகிறவர் ஒரு வகை. முதல் வகையார் மலையையும் படியையும் பார்த்துத் திரும்புகிறார்கள். இரண்டாம் வகையார் மருத்துவமனையின் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்புகிறார்கள். மூன்றாம் வகையாரோ பெரும்பாலும் திரும்புவதேயில்லை. இவற்றுள் ஒன்றிலும் சேராமல், பட்டணத்தைப் பார்ப்பதற்கென்றே பட்டணம் போகிறவர் நமது தோட்டங்களில் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணப் புகுந்தால் விரல்கள் மிஞ்சும். "வேடிக்கை பார்ப்பதற்கா காசைக் கரியாக்குவது?" என்று கேட்பது நம் வீட்டு வழக்கம். அந்தக் கேள்வி சிக்கனத்திலிருந்து பிறந்ததென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

நான் கெடா மாநிலத்தில் பெண்டாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கிலத்தில் படித்தவன், தமிழைத் தாயிடமும் பத்திரிகைகளிடமும் கற்றவன். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், மறுபக்கம் பால்மரம், இடையிடையே செம்பனை: இதுவே எங்கள் உலகம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஏட்டை விரித்துவைத்துப் பெயர் கூப்பிடுவதும், பொழுது சாயுமுன் கட்டிப்பால் நிறையையும் செம்பனைக் குலைக் கணக்கையும் பதிவதும் என் தொழில். சென்ற மாதம் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. கோலாலம்பூருக்குப் போய்வரப் போகிறேன் என்றேன். "யாருக்கு உடம்பு சரியில்லை, கிராணியாரே?" என்று கேட்டார் மண்டோர். முப்பதைத் தாண்டியும் மணமாகாதவன் ஆதலால், "பெண் பார்க்கவா, தம்பி?" என்றார் கடைக்காரர். "சும்மா ஊரைப் பார்க்கத்தான், தனியாகத்தான்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. காரியம் ஒன்றும் இல்லாமல், துணை ஒன்றும் இல்லாமல், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவன் போவானா என்பது அவர்கள் சந்தேகம்.

காரியம் இல்லாமல் இல்லை. எங்கள் தோட்டத்து இளைஞன் ஒருவன், ஐந்தாம் படிவம் வரை படித்தவன், பந்தாட்டத்தில் கெட்டிக்காரன், ஒரு முகவனுடைய வாய்ச்சொல்லை நம்பிக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் காவல் வேலை. மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டான். சொன்ன சம்பளம் வேறு, கைக்கு வந்த சம்பளம் வேறு. தங்குமிடத்துக்கென்றும் சீருடைக்கென்றும் பிடித்தது போக மிஞ்சியது சொற்பம். உடம்பு இளைத்திருந்தது, அதைவிடப் பேச்சு இளைத்திருந்தது. "மூன்று மாதம் இருந்தாயே, பட்டணத்தில் என்னப்பா பார்த்தாய்?" என்று கேட்டேன். "கேட்டைப் பார்த்தேன், ஐயா" என்றான். "உள்ளே வர்ற காருக்குத் திறந்தேன், வெளியே போற காருக்குத் திறந்தேன். லீவு நாளில் எங்கே போறதுன்னு தெரியலை. யாரைக் கேட்கிறதுன்னும் தெரியலை. படுத்துத் தூங்கினேன்."

இந்த மறுமொழி என்னைத் தூங்கவிடவில்லை. தொண்ணூறு நாள் ஒரு மாநகரில் வாழ்ந்தவன் அந்நகரைப் பார்க்கவில்லை! அவனை வஞ்சித்த முகவனை ஏசலாம், ஏசத்தான் வேண்டும். ஆனால், இந்த ஊரில் எது நியாயம், எது அநியாயம் என்று அளந்து பார்க்கும் கோல் அவன் கையில் இருந்ததா? வேறு வேலை எங்கே கிடைக்கும், முறையிடும் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது, விடுமுறையில் கால்வீசி நடப்பதற்குத் தடையில்லாத இடங்கள் எவை என்பதொன்றும் அவன் அறியான். கூலிக்காரனாக முதன்முதல் நுழைகிறவனுக்கு ஊர் முழுதும் முதலாளியாகத் தெரிகிறது. பார்வையாளனாக முதன்முதல் நுழைகிறவனுக்கே ஊர் ஊராகத் தெரியும். இது மெய்தானா என்று என்னையே வைத்துச் சோதித்தறிய எண்ணியே நான் தனியாகப் புறப்பட்டேன்.

அலோர் ஸ்டாரில் விடியற்காலை மின்சார இரயில் ஏறினேன். அவ்வூருக்கு இருப்புப் பாதை வந்தது 1915இல். சயாம் எல்லையை எட்டியது 1918இல். மின்சார இரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது 2015இல். ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கோலாலம்பூர். சன்னலோரம் அமர்ந்து, இதே பாதையில் நம்மவர் செய்த பிரயாணங்களை எண்ணிக்கொண்டு போனேன். முதலாவது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிப் பிறை வழியாகத் தோட்டத்துக்கு வந்த பிரயாணம்; அதற்குச் சீட்டு வாங்கிக் கடனில் எழுதிக்கொண்டவன் கங்காணி. இரண்டாவது, 1942இலும் 1943இலும் ஜப்பானியர் சயாம் – பர்மா இருப்புப் பாதை போடுவதற்காகத் தோட்டந்தோட்டமாக ஆள்பிடித்துச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோன பிரயாணம். அதற்குச் சீட்டே கிடையாது. திரும்பி வராதவர் பல்லாயிரவர். மூன்றாவது, தோட்டம் கைமாறியபின் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு பட்டணத்தின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்த பிரயாணம்; அதற்குச் சீட்டு வாங்கியது வயிறு. என் சட்டைப்பையில் இருந்த சீட்டோ என் சம்பளத்தில் நான் வாங்கியது. போகவும் வரவும் சேர்த்து வாங்கியது. யாரும் என்னை அனுப்பவில்லை. யாரும் என்னை அழைக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டுக்கு இத்தனை பெருமையா என்று நகைப்பவர், முன் சொன்ன மூன்று சீட்டுகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

2001இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் கூப்பிடு தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ். செங்கற்சூளைத் திடல் என்பதே அப்பெயரின் பொருள். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கு இரட்டைக் கேடு வந்தது. சனவரியில் நெருப்பு, டிசம்பரில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊர் அழிந்தது. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டுவதைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுக என்று ஏற்பாடு செய்தார். அதற்கு வேண்டிய செங்கல் சுடப்பட்ட இடமே இது. பின்னர் இரயில்வேப் பட்டறைகளும் ஊழியர் வீடுகளும் இங்கே எழுந்தன. இந்தியாவிலிருந்து வந்த தமிழர் பாதை போட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். 1904இல் நிறுவப்பட்ட விவேகானந்த ஆசிரமம் இன்றும் அங்கே நிற்கிறது. 2010இல் இப்பகுதிக்குச் சின்ன இந்தியா என்று தோரணம் கட்டினார்கள்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையொன்றில் பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டவுடன், "வடக்கா, அண்ணே?" என்றார். பெண்டாங் என்றேன். அவர் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம்; அத்தோட்டம் இப்போது இல்லையாம்; பட்டணத்துக்கு வந்து பதினோராண்டு ஆயிற்றாம். "இரட்டைக் கோபுரத்தில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு, அண்ணே" என்று சிரித்தார். பதினோராண்டாகப் பட்டணத்துக்குச் சோறு போடுகிறவர், தம்மை உள்ளூர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதன் பொருள் இதுதான்! மூன்று மாதம் இருந்தவனும் பதினோராண்டு இருப்பவரும் இந்த ஒன்றில் ஒரே நிலை.

அங்கிருந்து நடந்தேன். தனியே போவதன் நன்மை நடையில் தெரிகிறது. கூட்டத்தோடு போனால் கூட்டம் நின்ற இடத்தில் நாம் நிற்போம். கூட்டத்துக்குப் பசித்தபோது நமக்குப் பசிக்கும். தனியே போகிறவன் எழுதியிருப்பதையெல்லாம் படிப்பான். தெரியாததைக் கண்டால் முன்பின் அறியாதவரிடம் கேட்டே தீரவேண்டும். பெரட்டுக்களத்தில் பிறர் பெயரைக் கூப்பிடும் எனக்கு, என் பெயரை அறிந்தவர் ஒருவருமில்லாத தெருவில் நடப்பது ஒரு பாடமாகவே இருந்தது. அங்கே கிராணியும் இல்லை, வெட்டுக்காரனும் இல்லை. இரண்டு கால் உடைய மனிதன் ஒருவன் நடக்கிறான், அவ்வளவே.

கட்டடக்கலைஞர் ஹப்பக் வகுத்த பழைய இரயில் நிலையம், 1910ஆம் ஆண்டினது, வெள்ளை வெளேரென்று குமிழ்க்கோபுரங்களோடு நிற்கிறது. சற்று அப்பால் மெர்டேக்காத் திடல். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் நாட்டுக் கொடி ஏறியது இங்கேதான். எதிரே 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் மாளிகை. அதற்கு நாற்பது லட்சம் செங்கற்கள் பிடித்தனவாம். கிராணி புத்தி எங்கே போகும்? செங்கல்லின் எண்ணிக்கை ஏட்டில் இருக்கிறதே, செங்கல்லைச் சுமந்தவரின் எண்ணிக்கை எந்த ஏட்டில் இருக்கிறது என்று மனம் கேட்டது. சீனரும் தமிழரும் மலாய்க்காரருமாகப் பலர் கைபட்டு எழுந்த ஊர் இது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமிக் பள்ளிவாசல். அதற்கு அண்மையிலேயே செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்த லெபோ அம்பாங் தெரு. தெருவுக்குக் கல்பரப்பிய தமிழனும் தெருவில் பணப்பெட்டி வைத்த தமிழனும் ஒரே கப்பலில் வந்தவர்களாக இருக்கலாம். ஒரே தளத்தில் வந்திருக்கமாட்டார்கள். நம் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

அத்தெருவுக்கு அருகே ஒரு சிறு விடுதியில் இரவைக் கழித்து, மறுநாள் காலை தேசியப் பொருட்காட்சிசாலைக்குப் போனேன். முன்பு அவ்விடத்தில் இருந்த சிலாங்கூர்ப் பொருட்காட்சிசாலை 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுக்கு இரையாயிற்று. இப்போதுள்ள கட்டடம் 1963இல் திறக்கப்பட்டது. வெளிச்சுவரில் கண்ணாடிச் சில்லுகளால் அமைத்த இரண்டு பெருஞ் சித்திரங்களைப் பார்த்து நிற்கவே அரைமணி வேண்டும். உள்ளே ஆங்கிலேயர் காலத்து மாடத்தில், ஆசிரியை ஒருவரோடு வந்த பள்ளிப்பிள்ளைகள் கூட்டமாக நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். 1876இல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனதும், அடுத்த ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும், அவற்றுள் ஒன்பது பேராக்கில் கோலாகங்சாரில் நடப்பட்டதும் இந்நாட்டின் தலைவிதியை மாற்றிய செய்திகள். பட்டணத்துப் பிள்ளைகள் இச்சரித்திரத்தை எழுதிக்கொள்கிறார்கள், பால்மரத்தைத் தொட்டதில்லை. எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் பால்மரத்தைத் தொடுகிறார்கள். அதன் சரித்திரத்தை அறிந்ததில்லை. இவ்விரு கூட்டமும் ஒரு மாடத்தில் சந்தித்தால் இருவருக்கும் எவ்வளவு இலாபம்!

அதன்பின் நான் தேடிப்போன கட்டடத்தைப் பிரயாண வழிகாட்டிகள் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. சுல்தான் சுலைமான் சாலையில் இருக்கும் விஸ்மா துன் சம்பந்தன் அது. காரணம் சொல்கிறேன். என் பாட்டி பால் வெட்டியவர். அவருடைய தகரப் பெட்டியில், பிறப்புப் பத்திரத்துக்கும் மறைந்த கணவர் படத்துக்கும் நடுவே, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியாது. "இது நம்ம நிலம், ஐயா" என்று மட்டும் சொல்வார்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறினர். வாங்கிய தரகர்கள் பெருந்தோட்டங்களைத் துண்டுதுண்டாக்கி விற்றனர். துண்டு நிலத்தை வாங்கியவன் தன் குடும்பத்தைக்கொண்டே பால் வெட்டிக்கொள்வான். அங்கிருந்த தொழிலாளிக்கு வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போயின. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் இக்கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாக நடந்து, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்குதாரர் ஆகும்படி வேண்டினார். நாள் முழுதும் வெட்டினாலும் சில வெள்ளியே கண்ட காலத்தில் பத்து வெள்ளி என்பது சிறு தொகையன்று. கொடுத்தார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? 1961இல் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம். அது நம் கெடாவிலேயே இருக்கிறது. கி.பி. 1025இல் இராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். படை கொண்டு வந்து போனவனை ஆயிரம் ஆண்டு நினைவில் வைத்திருக்கிற நாம், பத்து வெள்ளி கொண்டு கடாரத்தில் நிலம் வாங்கிய வெட்டுக்காரியை அறுபது ஆண்டுக்குள் மறந்துவிட்டோமே!

அந்தக் கட்டடத்தின் முன் சிறிது நேரம் நின்றேன். அண்ணாந்தால் 2024இல் திறக்கப்பட்ட மெர்டேக்கா 118 கோபுரம் தெரிகிறது; 678.9 மீட்டர் உயரம். துபாயிலுள்ள புர்ஜ் கலிபாவுக்கு அடுத்தபடியாக உலகில் உயர்ந்தது. அதன் அருகே சங்கத்தின் கட்டடம் சிறியதுதான். ஆயினும் இதன் சுவரில் என் பாட்டியின் பங்கு இருக்கிறது. அவர் தம் வாழ்நாளில் கோலாலம்பூருக்கு ஒரே ஒருமுறை வந்திருக்கிறார். தைப்பூசத்துக்கு வாடகைப் பேருந்தில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்து, பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கி, அன்று மாலையே பேருந்தில் திரும்பினார். தம் பணத்தில் எழுந்த கட்டடம் சில கல் தொலைவில் இருக்கிறதென்று அவருக்கு ஒருவரும் காட்டவில்லை. கோயிலுக்குப் போனதைக் குறை கூறேன். அந்தப் பேருந்து ஒரு மணி நேரம் இங்கே நின்றிருக்கக்கூடாதா என்றே கேட்கிறேன்.

பிற்பகலில் இரட்டைக் கோபுரத்துக்குப் போனேன். 1998இல் கட்டி முடிந்தது, 452 மீட்டர், 88 மாடி, 2004 வரை உலகின் உயர்ந்த கட்டடமாக விளங்கியது. வாசலை அடைந்ததும் என் கால்கள் தாமாகவே ஒதுங்கி நின்றன. கையில் பணம் கொடுத்து வாங்கிய சீட்டு இருக்கிறது. காவலர் என்னைத் தடுக்கவுமில்லை. பின் ஏன் ஒதுங்கினேன்? அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. "என்னடா வேடிக்கை பார்க்கிறாய்?" என்பது தோட்டத்தில் நூறாண்டாக ஒலித்த குரல். நிரையில் நின்று மரம் வெட்டுகிறவன் தலை நிமிர்ந்து நாலு பக்கம் பார்த்தால் அது குற்றம். அரைநாள் சம்பளத்தைப் பறிக்கத்தக்க குற்றம். துரையின் பங்களாவை ஏறிட்டுப் பார்த்தால் அதுவும் குற்றம். பார்க்கிறவன் முதலாளி, பார்க்கப்படுகிறவன் தொழிலாளி என்பது அங்கே எழுதாச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் போய்விட்டார்கள்; சட்டம் மட்டும் நம் வீட்டுக்குள் குடிபுகுந்து, "வேடிக்கை பார்ப்பதற்கா காசு?" என்று நம் தாய்மார் வாயாலேயே பேசுகிறது. சிக்கனத்தின் குரலென்று நாம் எண்ணியிருப்பது உண்மையில் பழைய கங்காணியின் குரல்.

இதை உணர்ந்ததும் கால்கள் உள்ளே நடந்தன. 41ஆம் 42ஆம் மாடிகளில் இரு கோபுரங்களையும் இணைக்கும் வானப்பாலத்தில் நின்றேன். தரையிலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர். இக்கோபுரங்கள் நிற்கும் நிலம் முன்னாளில் குதிரைப் பந்தயத் திடல். சுற்றிலும் பரந்து கிடக்கும் நகரத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்த பெயர்களை எண்ணினேன். செல்வர் வாழும் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டம். தெற்கே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டரில், 1999 முதல் அரசாங்க அலுவலகங்கள் குடியேறிய புத்ராஜெயா, 1921இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டமும் அதன் அயல் தோட்டங்களும் இருந்த இடம். அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நாடு முழுவதற்கும் ஆணை பிறக்கும் இடம், நம்மவர் காலையில் வாளி தூக்கி நடந்த நிரை! நாம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகிறோம் என்று சொல்வது பாதி உண்மை. பட்டணமே தோட்டத்தின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது மறுபாதி. அப்படியிருக்க, அந்நியன் வீட்டுக்குள் நுழைவதுபோல் நாம் ஏன் பின்வாசலைத் தேட வேண்டும்?

பட்டணம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வாடகை கழுத்தை நெரிக்கிறது. மின்தூக்கி பழுதான அடுக்குமாடிகளில் நம் மூதாட்டிகள் மூச்சுவாங்கி ஏறுகிறார்கள். தோட்டத்தில் கொல்லையும் மாடும் வைத்திருந்தவன் அங்கே ஒரு கீரைக்கட்டுக்கும் காசு கொடுக்கிறான். இவற்றையும் கண்ணால் கண்டறிய வேண்டும் என்பதே என் வாதம். கேள்விப்பட்டதை நம்பிப் போகிறவன் ஏமாறுவான்; கேள்விப்பட்டதை நம்பிப் போகாதிருப்பவனும் ஏமாறுகிறான். பார்த்தவனே, போவதா இருப்பதா என்று தானாக முடிவு செய்யத் தக்கவன்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். கணக்கெழுதுகிறவன் ஆகையால் துல்லியமாகவே வைத்திருக்கிறேன். இரயில், விடுதி, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்ந்து நானூறு வெள்ளிக்கு உட்பட்டது. ஒரு பிறந்தநாள் விருந்துக்கு நாம் வாங்கும் பீர் புட்டிகளின் கணக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரவர் தம் நெஞ்சில் எழுதிக்கொள்ளலாம். ஆணுக்குச் சரி, பெண் தனியே போகலாமா என்று கேட்பவரும் உண்டு. இருட்டோடு எழுந்து, பாம்பும் பூரானும் உள்ள காட்டில் நெற்றிவிளக்கோடு தனியாக நிரையில் நின்று மரம் வெட்டலாம். பட்டப்பகலில் இரயிலேறி ஒரு நகரத்தைப் பார்க்கக்கூடாதா? போகலாம், போக வேண்டும்.

ஆகவே, தோட்டத்து அன்பர்களுக்கும் சிற்றூர் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் மகனோ மகளோ பட்டணத்துக்கு வேலைக்குப் போகப்போகிறார்களானால், நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு நாள் அவர்களைத் தங்கள் சொந்தச் சீட்டில் அனுப்பிவையுங்கள். வேலை தரும் இடத்தை வெளியிலிருந்து பார்க்கட்டும். தொழிலாளர் இலாகா எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ளட்டும். தேசிய நூலகத்திலும் பொருட்காட்சிசாலையிலும் கால்வைக்கட்டும். 1966இல் தனிநாயக அடிகளார் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய மலாயாப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து, இங்கே நானும் படிக்கலாம் என்று ஒருமுறை நினைக்கட்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை கூட்டிச் செல்லட்டும். வாடகைப் பேருந்து எடுத்தால் சுல்தான் சுலைமான் சாலையில் ஒரு மணி நேரம் நிறுத்தட்டும். காவல் வேலையிலிருந்து திரும்பிய எங்கள் இளைஞனிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுமுறைக்குச் சீட்டு வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். தனியாகவே போகிறேன் என்கிறான்.

நிமிர்ந்து பார்ப்பது குற்றம் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. அது நம் தாத்தாவோடும் பாட்டியோடும் முடிந்துபோக வேண்டும். பட்டணம் நம் பிள்ளைகளைப் பார்த்து வேலை ஏவுமுன், நம் பிள்ளைகள் பட்டணத்தைப் பார்த்துவிட வேண்டும்.